நல்லரத்தினத்தாரின் டீசல் யோசனை

விடிந்ததும் ஜீப்பை ஸ்டார்ட் செய்துவிட்டு, பொனட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, நல்லரத்தினத்தார் காதைச் சாய்த்து நிற்கிறார். ஜீப் எங்கும் போகப்போவதில்லை. நின்ற இடத்திலேயே நின்று உறுமி, இருமி, கரும்புகையைக் கக்குகிறது. அந்தப் புகை கொடியில் காயும் வெள்ளைச் சீலையில் படிவது பற்றி அவருக்குக் கவலையில்லை. சீலை மனைவி கேதீஸ்வரியுடையது. ஒழுங்கையால் யார் போனாலும், பாண்காரரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ, கையைத் தட்டி மறிக்கிறார்.

"உள்ளுக்க ஒரு சின்னத் தட்டல் கேக்குதா?"

கேட்கிறது என்றாலும் அவர் முகம் விழும், கேட்கவில்லை என்றாலும் விழும். தட்டல் இருந்தால் ஜீப்பை விற்றுவிட்டுப் புதிய எஞ்சின் போட்ட ஜீப் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இதையே வைத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் மனிதர் இன்னும் ஆயத்தமில்லை. "சரி, மறுகா பாப்பம்" என்று பொனட்டை மூடிவிட்டுத் தேத்தண்ணிக்கு வருவார். கேதீஸ்வரி இந்த மனிதரைக் கட்டி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அவருடைய 'மறுகா', அந்தப் 'பிறகு', வந்து சேர்ந்த ஒரு நாளை அவள் இன்னும் காணவில்லை.

நல்லரத்தினத்தார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். வேலைக்காலம் முழுவதும் கந்தோர் ஜீப்பின் இடப்பக்க ஆசனத்தில் இருந்தே ஊரைப் பார்த்தவர். சாரதி வந்து கதவைத் திறந்துவிடுவார், இறங்கும்போது பைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். ஓய்வு கிடைத்தபோது சம்பளம் குறைந்ததைவிட அந்த ஜீப் போனதுதான் அவருக்கு நெஞ்சில் அடித்தது. அடுத்த மாதமே எங்கோ தேடிப்பிடித்து, ஊர்ப் பிள்ளைகள் சிலரைவிட வயது கூடிய ஒரு ஜப்பான் ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தார். கொம்பனியில் வந்த ஆசன மெத்தைக்கு மேலே பொலித்தீன், பொலித்தீனுக்கு மேலே துவாய் என்று விரித்து, துவாய் அழுக்காகிவிடும் என்று தானே அதன் நுனியில் இருந்து ஓட்டுகிறார்.

"என்ட பேரில இருக்கிற ஒரே சாமான் இதுதான்" என்று அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு, கேட்டவர் இரங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். பொய் என்று சொல்ல முடியாது. ஆரையம்பதியில் அவர்கள் இருக்கும் வளவு கேதீஸ்வரிக்குத் தாய்வழியில் வந்தது. வீடும் அவள் பேரில். வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் கிடக்கும் வயல் வட்டையும் அவளுடைய சீதனம். இந்தப் பக்கத்து வழக்கமே அதுதான்; வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நல்லரத்தினத்தாரும் ஒரு சூட்கேசோடு அப்படி வந்தவர்தான். வந்த நாளிலிருந்து வாடகை கேட்காமல் சோறு போட்ட வீட்டைப் பற்றி ஒரு மனிதர் இப்படிப் பெருமூச்சு விட்டால், அவருக்காக யார்தான் இரங்குவது?

கிழமைக்கு ஒருமுறை வட்டை பார்க்கப் போவார். மண்முனைப் பாலத்தில் ஏறியதும் முதுகு நிமிரும், கண்ணாடி இறங்கும், முழங்கை வெளியே வரும். வாவியில் வலை இழுக்கிறவர்கள் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைப்பு. தார் றோட்டு முடிந்து கிரவல் தொடங்கும் இடத்தில் ஜீப் நின்றுவிடும். அங்கே இருந்து ஹோர்ன் அடிப்பார். வயலைச் செய்யும் சீனித்தம்பி அதைக் கேட்டு, கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, முழங்கால் சேற்றோடு வரம்பால் நடந்து வருவார்.

"போடியார், உள்ளுக்க வாங்களன். பாதை காஞ்சிதான் கிடக்கு."

"கூடா சீனித்தம்பி. டீசல் சாமான். சேறு பட்டா அவ்வளவுதான்."

வயலுக்குள் போவதற்கென்றே செய்த ஜீப் அது. நாலு சில்லும் சேர்ந்து இழுக்க ஒரு தனிக் கம்பு இருக்கிறது. அந்தக் கம்புக்கும் பொலித்தீன் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார். மனைவியின் வயலுக்குப் போடியார், அதாவது வயல் முதலாளி, என்ற பட்டத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, சேற்றைச் சீனித்தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

வாகன இறக்குமதித் தடையை எடுத்தார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி போய்விட்டது. காத்தான்குடியில் வாகனம் வாங்கி விற்கும் றிப்ஷான் ஒருநாள் வீட்டுக்கு வந்து, தன் போனில் ஒரு புது ஜீப்பின் படத்தைக் காட்டினான். புது டீசல் எஞ்சின், புகை கண்ணுக்கே தெரியாது, சத்தம் பூனை நடக்கிறமாதிரி. நல்லரத்தினத்தார் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, போனையே மணந்து பார்ப்பவர் போல முகத்தருகே பிடித்திருந்தார்.

"இதில ஒரு சின்ன விசயம் இரிக்கி சேர்" என்றான் றிப்ஷான். "புகைக் குழாய்க்குள்ள தேத்தண்ணி வடி மாதிரி ஒரு வடி இரிக்கி. கிட்ட கிட்ட ஓடினா கரி பிடிச்சி அடைச்சிரும். கிழமைக்கி ஒருக்காவாச்சும் நீட்டா, ஒரே வேகத்தில ஓடிக் குடுக்கணும்."

வேறு ஒருவராக இருந்தால், பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மட்டும் ஓடுகிற தனக்கு இது சரிவராது என்று அந்த இடத்திலேயே எழும்பியிருப்பார். நல்லரத்தினத்தாருக்குக் கண் மின்னியது. "அப்ப கிழமைக்கு ஒருக்கா மாங்கேணி போய்த் திரும்பலாம்" என்றார். வடக்கே எவ்வளவோ தூரத்தில் கடலோரம் கிடக்கும் மாங்கேணியில் அவருக்கு உறவும் இல்லை, அலுவலும் இல்லை. மீன்கூட வாங்கத் தெரியாது.

"வடியக் கழுவ மாங்கேணிக்குப் போற மனிசன், ஓடு வாங்க காத்தான்குடிக்குப் போறாரில்ல" என்றாள் கேதீஸ்வரி, அடுப்படியில் நின்றபடி. றிப்ஷானுக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

ஓடு விசயம் இதுதான். மகள் விதுர்ஷாவுக்குக் கிரானில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்து இரண்டு வருடமாகிறது. பெயர் நிலோஜன், பள்ளிக்கூட ஆசிரியர், குனிந்து நடக்கிற நல்ல பிள்ளை. கலியாணத்துக்கு முதல் பெண்ணுக்கு வீடு வேண்டும். வளவின் கிழக்குப் பக்கத்தில் அத்திவாரம் போட்டு, சுவர் எழும்பி, ஜன்னல் நிலையும் வைத்தாயிற்று. கூரைக்கு மரம் கேதீஸ்வரி போன போக நெல்லை விற்று வாங்கினாள். இனி ஓடும் தச்சன் கூலியும்தான். பழைய ஜீப்பை விற்றால் அந்த வாரமே கூரை ஏறிவிடும். ஆனால் ஜீப்பை விற்று, ஓய்வுக் காசையும் அதோடு சேர்த்தால்தான் புது ஜீப் வரும். பழையதை வைத்திருப்பதா, புதியதை வாங்குவதா என்று மனிதர் ஊர் முழுக்கக் கேட்டுத் திரிகிறார். விற்றுவிட்டு நடக்கலாம் என்ற மூன்றாவது வழி ஒன்று இருப்பதை அவருக்கு ஊரில் யாரும் சொல்லவில்லை. கேதீஸ்வரி சொன்னாள். அது காதில் ஏறவில்லை. அந்தக் காது எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிற காது.

இதற்கிடையில் அவர் ஒரு காரியம் செய்தார். மேசனைத் தனியாகக் கூப்பிட்டு, மகளின் புது வீட்டு முன் போர்ட்டிக்கோவை வரைபடத்தில் இருந்ததைவிட நீட்டி, உயர்த்தி, புது ஜீப்பின் அளவுக்குத் தூண் எழுப்பி, கொங்கிறீற் தட்டும் போட்டுவிட்டார். குசினித் தட்டுக்கும் நிலத்துக்கும் வாங்கிய கம்பியும் சீமெந்தும் அங்கே போயின. கேதீஸ்வரி தங்கச்சி வீட்டில் நின்ற இரண்டு கிழமையில் எல்லாம் முடிந்துவிட்டது. கூழுக்கு வழியில்லை, கொப்பளிக்கப் பன்னீர் என்பார்களே, அதைச் சீமெந்தில் கட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆரையம்பதிக்கு வரலாம். படுக்கிற அறைக்கு மேலே ஆகாயம். ஜீப் நிற்கிற இடத்துக்கு மேலே கொங்கிறீற், அதில் விசிறி மாட்டக் கொழுக்கியும் வைத்திருக்கிறார்.

"காத்தோட்டம் வேணும் புள்ள. எஞ்சின் சூடாகும்" என்று கேதீஸ்வரிக்கு விளக்கம் வேறு.

மகள் பின்னேரத்தில் அந்தச் சுவர்களுக்குள் போய், இது குசினி, இது சாமி அறை என்று தனக்குள் பார்த்துக்கொண்டு நிற்பாள். குசினியில் ஒரு பப்பாளிக் கன்று இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது. அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. பச்சையாக ஏதாவது ஒன்று அந்த வீட்டில் குடியிருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். இதைப் பார்க்கும் நேரங்களில் கேதீஸ்வரிக்குத் தன் புருசன் மீது வருவது கோபம் இல்லை, அருவருப்பு.

முடிவெடுக்க முடியாமல் போனதும் நல்லரத்தினத்தார் ஒழுங்கை முனைப் பிள்ளையாரிடம் போனார். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் பழையது, சிவப்பு வந்தால் புதியது. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை. முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தவர், சோற்றில் கை வைத்ததும் தெளிந்துவிட்டார்.

"புள்ளையார் எலியில போறவர். அவருக்கு டீசலப்பத்தி என்ன தெரியும்?"

"ஓட்டுக்கெண்டு மூணாவது பூ ஒண்டு வச்சீங்களா?" என்று கேட்டாள் கேதீஸ்வரி.

அவர் மீன்முள்ளைக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு, நிலோஜனின் தாய் சீதேவிப்பிள்ளை மகனையும் கூட்டிக்கொண்டு கிரானில் இருந்து வந்தார். பஸ்ஸில் வந்து, சந்தியில் ஓட்டோ பிடித்து, ஓட்டோவை ஒழுங்கையில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். வயலில் நின்று உழைத்த மனுசி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தை மாதம் நாள் வைப்பதாகப் பேச்சு. போன தையும் அப்படித்தான் பேச்சு இருந்தது. நேரே புது வீட்டுக்குள் போனார். அறை அறையாகப் பார்த்தார். பப்பாளிக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தார், மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு வெளியே வந்து போர்ட்டிக்கோவைப் பார்த்தார்.

அங்கே ஜீப் நின்றது. மறுநாள் றிப்ஷான் அதை வாங்கக்கூடிய ஒரு பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்ததால், அதற்கு மெழுகு போட்டு, முகம் தெரியப் பொலிஷ் பண்ணியிருந்தது. இருபக்கமும் கூரை மரங்கள் அடுக்கியிருந்தன. ஒரு ஆள் நிற்க இடமில்லை.

"முகடு எப்ப மச்சான்?" என்று கேட்டார் சீதேவிப்பிள்ளை.

"அதுதான் மச்சாள், ஒரு விசயம் பாருங்க" என்று நல்லரத்தினத்தார் ஆரம்பித்தார். "பழைய எஞ்சின் எண்டா இரும்பு, சாகாது. ஆனா டீசல் குடிக்கும். புதுசு எண்டா குடிக்காது. ஆனா உள்ளுக்க ஒரு வடி இருக்கு..."

சம்பந்திக்காரி வடிக் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டு முடித்தார். நிலோஜன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் எஞ்சினக் கேக்கல்ல. என்ட மகன் இந்தத் தையில இந்த வீட்டுக்கு வாறதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. இந்தத் தையும் போனா நாங்க வேற இடம் பாக்கிறதத் தவிர வழியில்ல."

நல்லரத்தினத்தார் வாயைத் திறந்தார். 'மறுகா' என்று சொல்லத்தான் திறந்திருப்பார் என்பதில் கேதீஸ்வரிக்குச் சந்தேகமில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூறல் என்று தொடங்காமல், எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. தேத்தண்ணித் தட்டோடு பழைய வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த விதுர்ஷா முற்றத்து நடுவில் அகப்பட்டுக்கொண்டாள். கோப்பைகளுக்குள் மழை விழுந்து, தேத்தண்ணி விளிம்பால் வழிந்தது. பழைய வீடு முற்றத்துக்கு அந்தப் பக்கம்; சீதேவிப்பிள்ளை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கிட்டவே நிற்க இடம் தேடினார்.

"இஞ்சாருங்க, ஜீப்ப வெளியில எடுங்க! ஆக்கள் ஒதுங்கட்டும்" என்றாள் கேதீஸ்வரி.

அவர் வானத்தைப் பார்த்தார். பொனட்டைப் பார்த்தார்.

"நாளைக்குப் பார்ட்டி வருது புள்ள. மழை பட்டா பொலிஷ் போயிரும். இந்தா, இப்ப விட்டிரும்."

கேதீஸ்வரி அவரை நேரே பார்த்தாள். இப்படியும் ஒரு வார்த்தை வருமென்று இத்தனை வருடம் கூட இருந்தவளே நினைத்திருக்கவில்லை. அவள் பார்வை அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். மடியில் இருந்து திறப்பை எடுத்தார், ஜீப்பின் கதவைத் திறந்தார். விதுர்ஷா தலையை நிமிர்த்தினாள். ஒரு நிமிடம் தாயும் மகளும் ஒன்றையே நம்பினார்கள்.

அவர் திறந்தது பின்கதவை. ஆசனத்துக்குக் கீழே இருந்து இரண்டு வெற்று உரப்பைகளை இழுத்தெடுத்து, உதறி, மெத்தையின் மேல் விரித்தார். ஓரங்களை உள்ளே செருகி, சுருக்கங்களை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினார். பிறகு நனைந்து நிற்கும் சம்பந்திக்காரியின் பக்கம் திரும்பினார்.

"செருப்பக் கழட்டிப்போட்டு ஏறுங்க மச்சாள்."

சீதேவிப்பிள்ளை உரப்பையைப் பார்த்தார். தண்ணீர் ஓடும் தன் காலைப் பார்த்தார். பிறகு கேதீஸ்வரியிடம், "அப்ப தைக்கு இல்ல மச்சாள். விளங்கிற்று" என்றார். மகனை ஓட்டோக்காரரைக் கூப்பிடச் சொன்னார். நிலோஜன் விதுர்ஷாவைப் பார்த்தான், தாய் நடக்கத் தொடங்கியதும் பின்னால் போனான். ஓட்டோ ஒழுங்கையால் திரும்பி றோட்டில் ஏறும்வரை விதுர்ஷா தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

காற்று திரும்பி, சாரல் போர்ட்டிக்கோவுக்குள் அடிக்கத் தொடங்கியது. நல்லரத்தினத்தார் அவசரமாகப் பின்கதவைச் சாத்தினார். கண்ணாடியில் தெறித்திருந்த இரண்டு மூன்று துளிகளைச் சட்டைக் கையால் ஒற்றியெடுத்துவிட்டு, வேறு எங்காவது பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.