வீட்டுச் சாப்பாடு

1965-இல், அலோன் பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த செபாஸ்டியனுக்குக் கால் விளங்காமல் போனதும், கன்னியாஸ்திரீகளின் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. வசதியில்லாதவர் என்று அரசாங்கம் கொடுத்துவந்த உதவிப்பணத்தில்தான் தாகேதாவில் இருந்த வீட்டில் மனைவி மக்தலேனாவின் அடுப்பு எரிந்தது. இல்லத்தில் சாப்பிட்டால் அந்தப் பணம் நின்றுவிடும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷன் அங்கே சோற்றைத் தொடவில்லை.

"நான் இங்க படுக்கத்தான் வந்தேன், சாப்பிட இல்ல" என்று ஒரே பிடிவாதம்.

உண்மையில், சாப்பிடாவிட்டாலும் அங்கே தங்கினாலே பணம் கிடையாது. அது நின்றும் போயிருந்தது. அதைச் சொல்ல மக்தலேனாவுக்கு வாய் வரவில்லை. அவரோடு மல்லுக்கட்டவும் தெம்பில்லை. இல்லத்துச் சமையலறையிலேயே சோறும் பருப்பும் வாங்கித் தன் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துப் போனாள்.

"ஏங்க, வீட்டுல இருந்து கொண்டாந்திருக்கேன்."

அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு அவள் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு உப்பைக் கொறைக்கச் சொல்லு அந்த சிஸ்டர்கிட்ட. அப்படியே உனக்கும் ஒரு தட்டு கேளு, மக்தா. உன் கையில ஒரு பொட்டு அடுப்புக்கரி இல்லையே."