மாவு மில் கஸ்தூரியின் கொம்பு

அடி அண்ணாமலையில் கஸ்தூரியின் மாவு மில்லைத் தெரியாதவர் இருக்கலாம், கஸ்தூரியின் தொண்டையைத் தெரியாதவர் கிடையாது. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "யாரோட கேவுரு இது? வச்சிட்டு எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று ஒரு குரல் கொடுப்பாள். கிரிவலப் பாதையில் நடந்துபோகிற வெளியூர்க்காரர்கூட ஒரு நொடி நின்று, நம்முடையதாக இருக்குமோ என்று யோசித்துவிட்டுத்தான் மேலே நடப்பார்.

இவ்வளவு தொண்டை இருந்தும், ஊர்ச் சிவ வாத்தியக் குழுவில் அவளுக்குக் கிடைத்தது ஜால்ராதான். பௌர்ணமி தோறும் சாயந்திரம் அந்தக் குழு ஒரு சின்னச் சப்பரத்தில் சாமியை வைத்துத் தெருத்தெருவாக இழுத்துப் போகும். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தெருமுனையிலும் மேளம் நின்றுவிடும். கொம்பு ஊதுகிற ஆள் மட்டும் தெருவுக்குள் போய் ஊதுவார். அந்தச் சத்தம் கேட்டு ஜனம் கற்பூரத் தட்டோடு வாசலுக்கு வந்த பிறகுதான் மேளம் முழங்கிச் சப்பரம் உள்ளே வரும். சப்பரத்துக்குப் பின்னால், கடைசி வரிசையில், ஜால்ரா தட்டும் பெண்கள். அந்த வரிசைக்கும் கடைசி ஆள் கஸ்தூரி.

போன வருஷம் அப்படித் தன் சொந்தத் தெரு வழியாகவே தட்டிக்கொண்டு போனாள். மறுநாள் எதிர்வீட்டுப் பாஞ்சாலை அரிசி அரைக்க வந்தவள், "நேத்து சாமி வந்துச்சே, நீ ஏன்டி வரல?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்டிருந்தால் கஸ்தூரி பதிலுக்கு நாலு கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் பாஞ்சாலை நிஜமாகவே அவளைப் பார்க்கவில்லை. வயிறு எரியாதா பின்னே? அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டாள். இதே தெருவில், இதே பாஞ்சாலை கண்ணால் பார்க்க, சாமிக்கு முன்னால் கொம்பு ஊதிக்கொண்டு வர வேண்டும்.

அதற்குச் சாமியே வழி விட்டதுபோல, கொம்பு ஊதும் வேணு ஒரு கல்யாண வீட்டில் கலர் பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கப் போய், முன்பல் இரண்டையும் மூடியோடு சேர்த்துத் திறந்துவிட்டான். பல் இல்லாத வாய்க்குக் கொம்பு பிடிபடாது. காற்றெல்லாம் சந்து வழியாகப் போய்விடும். வளைந்த பித்தளைக் கொம்பு குழுத் தலைவர் திருமலை வீட்டில் சாக்குப் பைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. திருமலைக்கு டவுனில் சிமெண்ட் கடை. கஸ்தூரி புருஷனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"ஏம்மா, கொம்புக்கு தம்மு வேணும்மா. ஜால்ரா தட்டிகினு இருக்கிறத வுட்டுட்டு உனக்கு எதுக்கு இது?"

"எங்க மாமியாருக்கே நான் ஜால்ரா தட்னதில்லண்ணா. தம்மு இருக்குதா இல்லியான்னு தோ, எங்க வூட்டுக்காரரக் கேளுங்க."

வீட்டுக்காரர் தருமன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பேச்சு கம்மி. கஸ்தூரியைக் கட்டிக்கொண்டவருக்குப் பேச்சு வேறு எப்படி இருக்கும்? அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஜாஸ்தியாவே இருக்குதுங்க," என்றார்.

திருமலை சிரித்துவிட்டார். சிரித்தவர் இல்லை என்று சொல்ல முடியுமா? "சரி, எடுத்துகினு போ. அடுத்த பௌர்ணமிக்குள்ள அது என் காதுக்குக் கொம்பு மாதிரி கேக்கணும். இல்லன்னா என் மச்சான் சுரேஷ்குமாருக்குக் குடுத்துருவேன், ரொம்ப நாளா கேட்டுகினு கீறான். ஒண்ணு சொல்லிட்டேன், இது சின்னப் புள்ளையிலேர்ந்து கொம்பு கேட்ட காது. ஏமாறாது." அந்த சுரேஷ்குமார் கொம்பை ஊதக் கேட்கவில்லை, கையில் வைத்துப் போட்டோ எடுக்கக் கேட்டான். ஏற்கெனவே ஒன்று எடுத்தும் இருந்தான், கொம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

கொம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கஸ்தூரி ஊதினாள். காற்று போனது. மூச்சைப் பிடித்து ஊதினாள். அதிகக் காற்று போனது. முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்ததுதான் மிச்சம். வேணு வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, இது அடுப்பு ஊதற குழல் இல்லக்கா. உதட்ட இறுக்கி மூடிகினு துடிக்க வுடணும். உதடு துடிச்சாதான் கொம்பு பேசும்." செய்து காட்ட முயன்றான். முன்பல் இல்லாத வாயிலிருந்து விசில் மட்டும் வந்தது. "இப்டி இல்லக்கா, ஆனா இப்டித்தான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதிலிருந்து கஸ்தூரி போகிற வருகிற இடத்திலெல்லாம் உதட்டைத் துடிக்க விட்டாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, சோறு வடிக்கும்போது, கோதுமை அளக்கும்போது. கோதுமைக்கு உடையவர், தன்னைப் பார்த்துத்தான் பழிக்கிறாள் என்று கோபித்துக்கொண்டு வேறு மில்லுக்குப் போனார். தருமன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் சத்தம் வந்தேவிட்டது. அட, எப்பேர்ப்பட்ட சத்தம்! தொடக்கம் கம்பீரமாக எழும்பியது. கஸ்தூரிக்குப் புல்லரித்துவிட்டது. புல்லரித்ததில் மூச்சு தடுமாறி, கடைசிப் பாதி ஒப்பாரிபோல இழுத்துக்கொண்டு இறங்கியது.

எதிர்வீட்டிலும் தெருவின் மேல்கோடியிலும் காதில் விழுந்தது தொடக்கம். சாமி வந்துவிட்டது என்று பாஞ்சாலை வாசலில் தண்ணீர் தெளித்து, கற்பூரம் ஏற்றித் தட்டோடு ஓடிவந்தாள். கீழ்க்கோடிக்காரர்கள் காதில் விழுந்தது முடிவு. யாரோ போய்விட்டார்கள் என்று அவர்கள் ஓடிவந்தார்கள். சத்தம் வந்த வீட்டு வாசலில் கட்டில். முந்தின நாள் முழுக்க ஆட்டோ ஓட்டிய அசதியில், ஈக்குப் பயந்து தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு தருமன் படுத்திருந்தார். வேறென்ன நினைப்பார்கள்? தருமனுக்குத் தங்கை முறையாகிற வள்ளி மார்பில் அடித்துக்கொண்டு கட்டில்மேல் விழுந்தாள்.

"எங்கள வுட்டுட்டுப் போய்ட்டியேண்ணா!"

"எங்க போனேன்? இப்பதான படுத்தேன்!" என்று தருமன் எழுந்து உட்கார்ந்தார். எதிரே பாஞ்சாலை எரிகிற கற்பூரத்தோடு நின்றாள். தூக்கக் கலக்கத்தில் அவர் இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாடியிலிருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள், தோளில் கொம்போடு.

அன்று சாயந்திரமே தெரு கூடியது. பாஞ்சாலையும் வள்ளியும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். இனி இந்தத் தெருவில் ஒரு தடவை கொம்புச் சத்தம் கேட்டால், கொம்பு திருமலை வீட்டுக்கே திரும்பிப் போய்விட வேண்டும் என்று முடிவானது. டவுனிலிருந்து வந்த திருமலை கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம ஜனம் எரும கத்தினாக்கூட தட்டத் தூக்கினு ஓடி வரும். நான் மட்டும் மத்தியானம் ஊர்ல இருந்திருந்தா வூட்ட வுட்டு வெளிய வந்திருப்பனா?"

கஸ்தூரி அன்றிரவு சாப்பிடவில்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்த தருமன், சும்மா இருக்க முடியாமல், "உன் மில்லு ஓடறப்போ பக்கத்துல இடி வுழுந்தாலும் கேக்காது," என்றார். அவர் அந்த மாதத்தில் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். கஸ்தூரி தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மறுநாளிலிருந்து மில் ஓடும், கஸ்தூரி ஊதுவாள். மிஷினுக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவே, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. தான் ஊதுவது அவளுக்கே கேட்காது. உதட்டின் துடிப்பையும், பித்தளை கைக்குள் அதிர்வதையும் வைத்துத்தான் நல்லது கெட்டது தெரிந்துகொண்டாள். யாரும் சிரிப்பார்களோ என்கிற பயமில்லாததால் மூச்சும் தடுமாறவில்லை. ஒரே ஒரு நாள், மிளகாய் அரைபடுகிறது என்பதை மறந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டாள். அந்த நாளைப் பற்றி அவளிடம் யாரும் இன்றுவரை கேட்பதில்லை.

பௌர்ணமி வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் பிள்ளையார் கோயிலடியில் திருமலை முன்னால் ஊதிக் காட்ட வேண்டும். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று காலையில் மில்லைப் போட்டுவிட்டுக் கொம்பைத் தூக்கினாள். உதடு பிடித்துக்கொண்டது. மூச்சு நின்று நிதானமாக இறங்கியது. இவ்வளவு நாளில் கை இப்படி அதிர்ந்ததே இல்லை. அந்த ஆனந்தத்தில் இருந்தவளுக்குக் கரண்ட் போனது தெரியவில்லை.

மில் நின்றுவிட்டது. கொம்பு நிற்கவில்லை.

மூச்சு முடிந்து கண்ணைத் திறந்தால், மில் வாசல் முழுக்க ஜனம். பத்துப் பன்னிரண்டு கற்பூரத் தட்டு. இந்தத் தடவை சாவுக்கு வந்த ஆள் ஒருத்தர்கூட இல்லை, எல்லாருமே சாமிக்குத்தான் வந்திருந்தார்கள். பாஞ்சாலை கையில் உடைத்த தேங்காயே இருந்தது. எல்லாருக்கும் முன்னால், குளியலறையிலிருந்து அப்படியே ஓடிவந்த ஈர வேட்டியும், காதோரம் சோப்பு நுரையும், கையில் எரிகிற கற்பூரமுமாகத் திருமலை.

"எந்த ஊரு சாமிம்மா வந்துகீது? எங்கிட்ட யாரும் சொல்லவேயில்லியே!"

தலையிலிருந்து கால்வரை மாவு படிந்து வெள்ளையாக நின்ற கஸ்தூரி, ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள். அப்புறம் இன்னொரு காதுப் பஞ்சை எடுத்தாள். கொம்பைப் பார்த்தாள், திருமலையைப் பார்த்தாள்.

"நான்தாண்ணா," என்றாள். "உங்க காது இன்னா சொல்லுது?"

திருமலை காதைத் துடைத்துக்கொண்டார். ஏற்றிய கற்பூரத்தை என்ன செய்வது? மில் சுவரில் மாட்டியிருந்த அண்ணாமலையார் படத்துக்குக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, தெருவுல கேட்டா கொம்பு உங்ககிட்ட வந்துரணும்னு பேச்சு," என்று பாஞ்சாலை நினைவுபடுத்தினாள். "தேங்கா வேற ஒடச்சிட்டேன், வூட்ல இன்னிக்கிச் சட்டினிகூட கெடையாது."

"பேச்சு பேச்சுதான். குடும்மா கொம்ப." கஸ்தூரி கொம்பை நீட்டினாள். திருமலை கொம்பை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "வந்துடுச்சி எங்கிட்ட. சாயந்திரம் கெளம்பறப்போ நானே உன் கையில குடுக்கறேன். மூஞ்சக் கழுவிகினு வா."

சாயந்திரம் சப்பரம் புறப்பட்டது. நீலப் புடவையும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கஸ்தூரி முன்னால். அவளுடைய ஜால்ரா சும்மா கிடந்ததால் தருமன் எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். சுரேஷ்குமார் போட்டோ எடுக்கிற வேலையோடு நின்றுகொண்டான். முதல் தெருவில் ஊதினாள், ஜனம் வந்தது. இரண்டாவது தெருவில் ஊதினாள், ஜனம் திமுதிமுவென்று வந்தது.

மூன்றாவது, அவள் தெரு. முனையில் மேளம் நின்றது. கஸ்தூரி தனியாக உள்ளே நடந்து, பாஞ்சாலை வீட்டுக்கு நேராக நின்று, கொம்பைத் தூக்கி ஊதினாள்.

ஒரு கதவும் திறக்கவில்லை.

இன்னும் பலமாக ஊதினாள். திறந்திருந்த ஒரு ஜன்னலும் சாத்திக்கொண்டது. யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். பாஞ்சாலை வீட்டுக்குள்ளிருந்து, "மறுபடியும் பழக ஆரம்பிச்சிட்டா பாரு! இந்தவாட்டி நான் ஏமாற மாட்டேன்பா," என்று குரல் கேட்டது.

தெருமுனையிலிருந்து திருமலை கூப்பிட்டார். "யாரும் வரலம்மா. நேரமாவுது, அடுத்த தெருவுக்குப் போயிரலாம்."

அடுத்த தெருவா? எதற்காக உதடு வீங்க ஊதினாள், எதற்காக மிளகாய்த்தூளைக் குடித்தாள்? கஸ்தூரி கொம்பை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கடவுள் கொடுத்த தொண்டையைத் திறந்தாள்.

"ஏ பாஞ்சாலை! ஏ வள்ளி! சாமி வாசல்ல வந்து நிக்குது, உள்ள இன்னாடி பண்றீங்க? தட்டத் தூக்கினு வாங்கடி வெளிய!"

தெருவில் ஒரு கதவு பாக்கியில்லாமல் திறந்தது. தெருமுனையில் சப்பரத்தைப் பார்த்ததும் பாஞ்சாலை பதறிப்போய்க் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயய்யோ, சாமியா? நீதான் ஊதறன்னு நெனச்சி உள்ளயே இருந்துட்டேன்டி!"

"நான்தான்டி ஊதனேன்," என்றாள் கஸ்தூரி. முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லாப் பாத்துக்க. நான்தான்."

பிறகு கொம்பைத் தூக்கி உதட்டில் வைத்தாள். மேளம் முழங்க, சப்பரம் தெருவுக்குள் வந்தது. பாஞ்சாலை தட்டைப் பிடித்தபடி, சாமியைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல, கஸ்தூரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.