மகேஸ் அக்கா ஒட்டாத பச்சை ஸ்டிக்கர்

மகேஸ் அக்கா போய்ட்டாங்க. இன்னைக்குக் காலையில, பீடோர்ல அவங்க வீட்டுல. நெஞ்சுவலி.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல "எக்ஸ் ஸ்டாஃப், ஆர்.ஐ.பி"ன்னு ஒரே வரி. கீழ ஒருத்தன் கேக்குறான், "பம்பைக் கெடுத்தாங்களே, அந்த அக்காவா?" எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்...

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஈப்போவுல ஆஸ்பத்திரி மெஷினுங்களை செர்வீஸ் பண்ற கம்பெனியில நானும் அக்காவும் ஒண்ணா வேலை பார்த்தோம். பயோமெடிக்கல் டெக்னீஷியன். அக்கா எஸ்டேட்ல பொறந்து போலிடெக்னிக்ல படிச்சவங்க.

அவங்க எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை கூடப் போனேன். ஆளாளுக்குக் கைய நீட்டுறாங்க, "மகேசு, பிரஷர் பாரு"ன்னு.

"நான் மெஷினுக்குத்தான் டாக்டர் லா மாமா!" உடனே ஒருத்தர் வீட்டுக்கு ஓடிப்போய் ரைஸ் குக்கரைத் தூக்கிட்டு வந்துட்டார். அதையும் ரிப்பேர் பண்ணிக் கொடுத்துட்டுத்தான் கிளம்புனாங்க.

எங்க வொர்க்‌ஷாப்ல ஒரு பழக்கம். ஆடிட் வருதுன்னா முதல்ல பச்சை ஸ்டிக்கர், டெஸ்ட் அப்புறம். பச்சைன்னா மெஷின் ஓகே. நானும் ஒட்டியிருக்கேன்... பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா மட்டும் ஒட்ட மாட்டாங்க. ஒரு நாள் சின்னப் பிள்ளைங்க வார்டுலேர்ந்து ஒரு பம்ப் வந்துச்சு, மருந்தைச் சொட்டுச் சொட்டா ஏத்துற மெஷின். டெஸ்ட் பண்ணா, செட் பண்ணதைவிட வேகமா ஏத்துது. சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமா வச்சுட்டாங்க.

சூப்பர்வைசர் குதிச்சார். "அலாமாக், நாளைக்கு ஆடிட் மகேஸ்! பச்சையை ஒட்டு, அப்புறம் பாத்துக்கலாம்."

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கல. "உங்க பிள்ளைக்கு இதை மாட்டுங்க சார், நான் ஒட்டுறேன்."

அடுத்த வாரமே சூப்பர்வைசர் ரிப்போர்ட் எழுதிட்டார். டெஸ்ட் பண்ணும்போது அக்காதான் பம்பைக் கெடுத்துட்டாங்களாம். அக்காவோட வேலை கான்ட்ராக்டைக் கம்பெனி நீட்டிக்கல.

நான் பக்கத்துலதான் இருந்தேன். அவங்க ரீடிங் சொல்லச் சொல்ல எழுதுனதே நான்தான். வேலை போயிடும்னு பயந்து வாயைத் திறக்கல. அக்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல... அந்த தீபாவளிக்கு முறுக்கு கொடுத்து விட்டாங்க.

இப்ப சொல்றேன். அந்த பம்ப் வார்டுலேர்ந்து வரும்போதே கெட்டுத்தான் வந்துச்சு. மகேஸ்வரி அக்கா கெடுக்கல. மெஷினைத் திறக்குறதுக்கு முன்னாடியே எடுத்த ரீடிங் தாள், போட்டோ கீழ இருக்கு. கையெழுத்து என்னோடது. நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க.

பாஸ், இதை நீங்களும் படிப்பீங்க. டெலிட் பண்ணச் சொல்லி போன் அடிக்காதீங்க, எடுக்க மாட்டேன். பீடோருக்குப் போய்க்கிட்டிருக்கேன், தூக்குறதுக்குள்ள முகத்தைப் பார்க்கணும்.

மன்னிச்சிருங்க அக்கா. கம்பெனி குரூப்லயும் இதையேதான் போட்டிருக்கேன். போய்ட்டு வாங்க...