மூன்றாவது தூணை விட்டு நகர்ந்த நாள்

கஞ்சியக்காவுக்கு வேறு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டவன் உட்காரவே யோசிப்பான், அவ்வளவு விறைப்பு. அதனால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பூமியை விட்டு வெகுதூரம் தள்ளி, இருட்டில் ஒரு சக்கரம்போலச் சுற்றிக்கொண்டிருக்கும் நகரம் அது. அதன் துறைமுகத் தளத்தில், கப்பல்காரர்களின் உடுப்புகள் வந்து குவியும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அழுக்கு கண்ணில் பட்டுவிட்டால் அவள் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுத் திரைச்சீலையைக் கேட்காமல் கழற்றி வந்து துவைத்துப் போட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

எதிர்மேசை மூக்கரண்ணனுடையது. மூக்கர்கள் வேறொரு நட்சத்திரத்துக்காரர்கள். ஆளுயரம், உடம்பெல்லாம் பழுப்பு ரோமம், நீர்நாய் முகம், சாண் நீளத்துக்கு மூக்கு. கண்தான் பாவம், நாலடி தள்ளி நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. ஆனால் முந்நூறு பேருடைய துணி ஒரே குவியலாக வந்து விழுந்தால், ஒவ்வொன்றையும் ஒருமுறை மோந்து பார்த்து, இன்னாருடையது இன்னாருக்கு என்று தனித்தனி வலைப்பையில் கட்டிவிடுவார். எண்ணெய்க் கறை எது, ரத்தம் எது, காய்ச்சல்காரன் போர்வை எது என்றும் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் கஞ்சியக்காவின் இயந்திரங்கள் ஓட ஆரம்பிக்கும்.

ஐந்து வருஷமாக எதிரெதிரே நின்றவர்கள். அவள் அண்ணே என்பாள், அவர் தங்கச்சி என்பார். அவருடைய மனைவி நீண்ட பயணக் கப்பலில் போயிருக்கிறாள் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் வாய் திறந்ததில்லை. ஊரில் இல்லாதவர்களைப் பற்றிப் பேசுவது மூக்கர்களுக்கு வழக்கமில்லை.

கஞ்சியக்கா அதற்கு நேர்மாறு. அவள் கணவன் பனி வெட்டும் கப்பலில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போனவன், ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. முதல் இரண்டு வருஷம் சேதி வந்தது. பிறகு அவனை அழைத்துப்போன ஒப்பந்தக்காரனும் காணாமல் போனான், சேதியும் நின்றது. அவர்கள் குடியிருந்த தளத்தையே நகர நிர்வாகம் பிரித்துப் போட்டுவிட்டதால் அவனுக்குத் தெரிந்த வீடும் இப்போது இல்லை. போகும்போது அவன் சொன்னது ஒன்றுதான் மிச்சம். இறங்கும் கூடத்தில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நில், நான் அங்கேதான் பார்ப்பேன் என்றான். கப்பல் வரும் நாளெல்லாம் இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு அவள் அந்தத் தூணடியில் நிற்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு முகம் பாக்கியில்லாமல் பார்ப்பாள். ஒன்பது வருஷத்தில் ஒரு கப்பலைக்கூடத் தவறவிட்டதில்லை. தங்கை வரும்போதெல்லாம், "அக்கா, ஒன்பது வருஷம் ஆச்சு..." என்று இழுப்பாள். உன் சட்டையில் கறை இருக்கிறது, கழற்று என்பாள் இவள்.

ஒருநாள் மூக்கரண்ணன் சளிக் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவ்வளவு பெரிய மூக்கு அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். கஞ்சியக்கா சுடச்சுடக் கஷாயம் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் ஒரு தகரப்பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு துணி, பிசுக்கேறி, விறைத்து, என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் இருந்தது. கஞ்சியக்காவுக்கு மனசு தாங்கவில்லை. ஊர் அழுக்கையெல்லாம் பிரிக்கிற மனுஷனுக்கு ஒரு துணி துவைத்துப்போட ஆளில்லையே என்று எடுத்து வந்துவிட்டாள். (மூக்கரை மனுஷன் என்று சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அவள் அப்படித்தான் சொல்வாள்.) இரண்டு கொதி, ஒரு வெளுப்பு, லேசாகக் கஞ்சி. மறுநாள் மடித்துப் பெட்டியில் வைத்தபோது துணி பால்போல இருந்தது. செய்த வேலை அவளுக்கே பெருமையாக இருந்தது.

அவருக்கு மூக்கு திறக்க மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் வேலைக்கு வந்தார். அன்றைக்கு ஒருவன் கால்சட்டை இன்னொருவன் பைக்குப் போனது. மாலுமி ஒருவன் தன் பையில் யாருடைய குழந்தைச் சொக்காயோ இருக்கிறது என்று வந்து நின்றான். ஐந்து வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. என்னண்ணே என்று அவள் மேசைக்குப் போனபோதுதான் சொன்னார்.

அந்தத் துணி அவர் மனைவி புறப்படுவதற்கு முன்னால் ஒரு மாதம் கட்டிக்கொண்டு படுத்தது. மூக்கர்கள் அப்படித்தான் விட்டுப்போவார்கள். வாசனையை அவர்கள் மனசில் நெடுநாள் வைத்திருக்க முடியாது, மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வருகிறவர்கள் இறங்கும் கூடத்தின் வலது வாசலில் கண்ணை மூடி வரிசையாக நிற்பார்கள், பேசமாட்டார்கள். காத்திருந்தவர்தான் போய்க் கழுத்தை மோந்து, தன் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறான கழுத்தை மோந்துவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது. வாசல் மூடும் வரைக்கும் யாரும் வரவில்லை என்றால், தன்னை மறந்துவிட்டார்கள் என்று வந்தவர் அதே கப்பலில் திரும்பிப் போய்விடுவார். காய்ச்சலில் மூக்கு அடைத்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது, அதனால்தான் பெட்டியைத் திறந்து முகத்தோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஏழு மாசத்துல கப்பல் வருது தங்கச்சி. அதுக்குள்ள எனக்கு அவ வாசனை போயிடும்," என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கஞ்சியக்கா கையைப் பிசைந்தாள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. காத்திருப்பது என்றால் என்ன என்று அந்த நகரத்திலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவள் போய் இப்படிச் செய்யலாமா? மூன்றாம் நாள் நேரே அவரிடம் போய், அண்ணியின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். துறைமுக அனுமதிச்சீட்டில் ஒன்று இருந்தது. அவருக்கு அது வெறும் பழுப்புத் திட்டு, அவளுக்கு அது முகம்.

"வாசனையத்தான் போக்கிட்டேன். முகம் இருக்குல்ல? நான் கண்டுபிடிச்சுத் தரேண்ணே."

சொல்லிவிட்டாளே தவிர, அதுவரைக்கும் மூக்கர்களில் ஆணையும் பெண்ணையுமே அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாரையும் அண்ணே என்று கூப்பிட்டுக் காலத்தை ஓட்டியவள். ஏழு மாதமும் படித்தாள். சலவைக்கு வரும் மூக்கர்களின் காதுமடலையும் புருவ ரோமத்தையும் பல்வரிசையையும் வெறித்து வெறித்துப் பார்த்தாள். ஒரு மூக்கர்ப் பாட்டி, இந்த மனுஷிக்கு என்மேல் என்ன விரோதம் என்று மேலாளரிடம் புகாரே கொடுத்தாள். அண்ணிக்கு இடது காதில் ஒரு சின்ன வெட்டு, கண்ணுக்குக் கீழே வெள்ளை ரோமம் நாலைந்து. அது அவளுக்குத் தூக்கத்திலும் மறக்காது.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மனிதர்கள் இறங்குவது இடது வாசல், மூன்றாவது தூண் இருப்பதும் அங்கேதான். இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறக்கும், நடுவில் மூட்டை முடிச்சுகள் மலைபோலக் கிடக்கும். வலது வாசலில் நின்றால் தூண் கண்ணிலேயே படாது. கப்பல் வருவதற்கு முந்தின நாளெல்லாம் அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஒன்பது வருஷம் வராத மனுஷன் சரியாக அன்றைக்குத்தானா வரப்போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல, அன்றைக்குத்தான் வருவார் என்று தோன்றியது.

ஆனாலும் மூக்கரண்ணனோடு வலது வாசலுக்குத்தான் போனாள்.

நாற்பது மூக்கர்கள் ஒரே மாதிரி சாம்பல் உடுப்பில் கண்ணை மூடி நின்றார்கள். சுற்றிலும் துணியும் கையுமாகக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கழுத்தில் முகம் புதைத்தார்கள். வரிசை கரைந்துகொண்டே வந்தது. கஞ்சியக்கா ஒவ்வொரு காதாகப் பார்த்தாள். கப்பலில் அடிபட்டதோ என்னவோ, இரண்டு பேருக்கு இடது காதில் வெட்டு இருந்தது. ஒருத்திக்குக் கண்ணுக்குக் கீழே வெள்ளை நிறைய, இன்னொருத்திக்கு அந்த இடத்தில் ரோமமே இல்லை, தழும்பு. வாசல் மூடுவதற்கான மணி அடித்தது. ஒன்பது வருஷமாக முகம் பார்த்த கண், வயசாகும்போது வெள்ளை கூடத்தானே செய்யும் என்றது.

"கடைசிலேர்ந்து ரெண்டாவது. போங்கண்ணே."

அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நேரே போய்க் கழுத்தில் மூக்கை வைத்தார். அப்படியே நின்றார், பிறகு அவர் தோள் குலுங்கியது. வந்தவள் கண்ணைத் திறந்து அவரைக் கட்டிக்கொண்டாள். சரியான ஆள்தான்.

கஞ்சியக்கா அதற்கு மேல் நிற்கவில்லை, மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். இடது வாசல் மூடியிருந்தது. மூன்றாவது தூணடியில் கூடம் துடைப்பவர் மட்டும் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். யாராவது இருந்தார்களா என்று கேட்டாள்.

"ஒருத்தர் ரொம்ப நேரம் இந்தத் தூண்ல சாஞ்சு நின்னாரு. யாரையோ தேடுற மாதிரி இருந்தது. இப்பத்தான் போனாரு," என்றார் அவர். ஆள் எப்படி இருந்தார் என்றதற்கு, தாடி, தோளில் பை, எல்லாரையும் போலத்தான் என்றார். அந்தக் கூடத்தில் தாடியும் பையும் இல்லாமல் இறங்குகிறவன் யார்?

பின்னாலேயே வந்துவிட்ட அண்ணனும் அண்ணியும் அதைக் கேட்டார்கள். கப்பலில் வந்த அத்தனை பேர் வாசனையும் தனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரர் துணி ஒன்று காட்டினால் அவர் வந்தாரா இல்லையா என்று இப்போதே சொல்லிவிடுவேன் என்றாள் அண்ணி.

வீட்டில் அவனுடைய இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு தொப்பி இருந்தன. வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று வாரம் தவறாமல் எடுத்து அலசி, கஞ்சி போட்டு வைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் துவைச்சுட்டேன் அண்ணி," என்றாள்.

மூக்கரண்ணன் தூணருகே குனிந்து ஆள் சாய்ந்திருந்த இடத்தை மோந்தார், பிறகு தரையை மோந்தார். இன்னும் துடைக்கவில்லையே என்று கூடம் துடைப்பவரிடம் கேட்டுக்கொண்டார். ஒருவர் வேலையைச் செய்யாமல் விட்டதற்காகக் கஞ்சியக்கா நன்றி சொன்னது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். யார் என்று தெரியாது, ஆனால் எந்தப் பக்கம் போனார் என்று தெரிகிறது, வா தங்கச்சி என்றார் அவர்.

அவர் குனிந்தபடியே முன்னால் நடந்தார். கூடத்தைத் தாண்டி, சரக்கு வண்டிகள் நிற்கும் தெருவைத் தாண்டி, பிரித்துப் போட்ட பழைய தளத்துக்குப் போகும் சரிவுப்பாதைப் பக்கம் திரும்பினார். அங்கே இப்போது வீடு எதுவும் இல்லை, பழைய குடித்தனக்காரர்களுக்குத்தான் அந்த வழியே தெரியும். வாசனை சூடாக இருக்கிறது, பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அவர் வேகத்தைக் கூட்டினார்.

கஞ்சியக்கா பின்தங்கினாள். பாதை முடிகிற இடத்தில் வேறு யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டால்? போய்ச் சேரும் வரைக்கும் அது அவள் வீட்டுக்காரர்தானே. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

"மெதுவாப் போங்கண்ணே," என்றாள். "கொஞ்சம் மெதுவாப் போங்க."

அவர் நடையைக் குறைத்துக்கொண்டார். அண்ணி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.