சந்தனம் அடைத்த பீப்பாய்

ஒரகடத்தில் நான் வேலை பார்ப்பது பீர் கம்பெனி. சொந்தக்காரர்கள் கேட்டால் 'கூல்டிரிங்க்ஸ் மாதிரி ஒண்ணு' என்று சொல்லி வைத்திருக்கிறேன். லேபில் உட்கார்ந்து நாளெல்லாம் பீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புகிறவள் நான். ஒரு மடக்கு முழுங்கியது கிடையாது. சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை, நானும் சொல்லி மாய்வதை விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சாருக்கு ஓர் ஆசை வந்தது. பீர் காய்ச்சவே வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்த மனுஷர். பெல்ஜியத்தில் பீரைப் புளிக்கவிட்டு, மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டு வைத்துக் குடிப்பார்களாம். பிராந்தி ஊறிக் காலியான பீப்பாய்களை எங்கிருந்தோ லாரியில் வரவழைத்தார். புளிச்ச பீரை எவன் சார் வாங்குவான் என்று வாய்விட்டே கேட்டேன். "பொறும்மா, பொறு" என்றார். எதைக் கேட்டாலும் அவரிடம் அந்த ஒரு பதில்தான்.

பீப்பாய் ரூமைப் பார்த்துக்கொள்ள மெயின்டனன்ஸ் அண்ணனைப் போட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், முன்னே கார் கம்பெனி லைனில் இருந்தவர். ஒரு காலத்தில் அவர் குடித்த குடி தாங்காமல் அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறைமலை நகரில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விட்டார். பெரியவர்கள் பேசி, இவர் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணின பிறகுதான் திரும்பி வந்தார். ஒரே கண்டிஷன்: இனிமேல் ஒரு தடவை வாடை அடித்தாலும் அடுத்த பஸ். அப்படிப்பட்ட ஆளைப் பிராந்தி மணக்கிற ரூமில் போட்டால்? தினமும் ஷிப்ட் முடிந்ததும் குளித்து, சட்டை மாற்றி, எலுமிச்சம்பழத் தோலைக் கையில் தேய்த்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார். வேறு செக்‌ஷன் கேளுங்களேன் என்றால், "ஏசி ரூமும்மா, எவன் வுடுவான்" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் பொட்டு வாங்காமல் ஒரு பொருள் தப்ப முடியாது. கம்ப்ரசர், கம்ப்யூட்டர், ஃபோர்க்லிஃப்ட், ஏன், கக்கூஸ் மோட்டாருக்குக்கூடச் சந்தனம் குங்குமம் உண்டு. என் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியிலேயே எவனோ பொட்டு வைத்து, நான் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்திமான். ஒவ்வொரு பீப்பாய்க்கும் பன்னீரில் சந்தனம் குழைத்துப் பட்டை போட்டார். அதோடு விட்டிருக்கலாம். பீப்பாய் மூடியின் மேல் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கும். உள்ளே உண்டாகிற காற்று அது வழியாகத்தான் வெளியே போக வேண்டும். உச்சியில் அம்சமாக நிற்கிறதே என்று அதன் வாயிலும் ஒரு உருண்டை சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, பூவும் சொருகிவிட்டார். காய்ந்தால் அது சிமென்ட். மூலையில் இருந்த பீப்பாயில் வேறு அந்த வாரம்தான் பன்னீர் திராட்சையை நசுக்கிக் கொட்டியிருந்தோம்; அது உள்ளே பொங்கிக்கொண்டிருந்தது. ரூமைப் பூட்டிவிட்டு எல்லோரும் லீவில் போய்விட்டோம்.

லீவு முடிந்து காலையில் சாம்பிள் எடுக்கப் போனேன். அண்ணன் மூலைப் பீப்பாய் மேல் குனிந்து, ஸ்க்ரூடிரைவரால் சந்தனத்தை நெம்பிக்கொண்டிருந்தார். உள்ளே இத்தனை நாள் காற்று அடைந்து கிடக்கிறது. "அண்ணே, கைய எடுங்க, நகருங்க" என்றேன். "இன்னாம்மா?" என்று கேட்க அவர் வாயைத் திறந்தார், மூடி கிளம்பிவிட்டது. சீலிங்கில் ஓட்டை. பின்னாலேயே சிவப்பாக ஊற்று, அண்ணன் முகத்தில், நெற்றி நாமத்தில், திறந்த வாயில், சட்டைக்குள். ஒரு திராட்சைத் தோல் காதில் தொங்கியது.

சத்தம் கேட்டு சார் ஓடி வந்தார். அடிபட்டதா என்று கேட்பார் என்று பார்த்தால், சீலிங்கிலிருந்து சொட்டுவதை கிளாஸில் பிடித்து, மோந்து, குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் புளிப்பு வந்துடுச்சு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த கிளாஸைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். "இங்க ஒரு குடும்பமே போவப்போகுது, நீங்க ருசி பார்த்துகிட்டு இருக்கீங்க" என்று கத்திவிட்டேன். அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "முழுங்கிட்டேம்மா" என்றார்.

அன்றைக்கு முழுக்க அவர் குளித்தார். சோப்பு, ஷாம்பு, கேன்டீன் எலுமிச்சம்பழம், பாத்திரம் தேய்க்கிற பவுடர், எதற்கும் அந்த வாடை மசியவில்லை. சாயங்காலம் கேட்டில் இருக்கும் மூச்சு மெஷினில் ஊதிப் பார்த்தார். சுத்தம் என்று காட்டியது. அதை ஒரே ஒரு ராத்திரி வூட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று செக்யூரிட்டியிடம் கெஞ்சினார். அவன் சிரித்தானே ஒழியக் கொடுக்கவில்லை. "நீ வூட்டுக்கு வந்து சொல்லும்மா, நான் சொன்னா எடுபடாது" என்றார் என்னிடம். எனக்குப் பாவமாக இருந்தது, போனேன். கம்பெனி பஸ்ஸில் எங்களைச் சுற்றி ஒருத்தரும் உட்காரவில்லை.

நாங்கள் வாசலுக்குப் போவதற்குள் வாடை உள்ளே போய்விட்டது. அண்ணி வெளியே வந்து மூக்கைச் சுளித்தார். நான் ஆரம்பித்தேன்: பெல்ஜியம், பீப்பாய், திராட்சை, காற்று, சந்தனம். சொல்லச் சொல்ல எனக்கே அது குடிகாரன் கட்டின கதையாகப் பட்டது. போதாக்குறைக்கு என் துப்பட்டாவிலும் அதே வாடை. அண்ணன் படிக்குக் கீழேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கால் வெடவெடவென்று ஆடியது.

அண்ணி என் பேச்சை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்த்தார்.

"வுடும்மா, இன்னாத்துக்குத் தொண்ட தண்ணி வத்தப் பேசிகினு கீற" என்றார் என்னிடம். "குடிச்சிட்டு வந்த காலத்துல இந்த ஆளு என்னப் பார்த்து ஒரு நாளும் பயந்தது இல்ல. நாந்தான் இந்தப் படியில நடுங்கிகினு நிப்பேன்."

"உள்ள வாய்யா, வெந்நி வெச்சுத் தரேன்" என்று அண்ணி வழியை விட்டு நகர்ந்து நின்றார்.