அறுநூற்று நாற்பதுக்கு மேல்

எங்கள் வீட்டில் யாரும் எழுவாய் போட்டுப் பேசுவதில்லை. "வந்தாச்சா?" என்றால் பாலா, பேப்பரா, அப்பாவா என்பதைக் கேட்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று கௌரவமான ஒரு பெயர் இருப்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. நாலாம் வகுப்பு படிக்கும்போதே தெரிந்திருந்தால், பத்து நாள் பயந்து செத்திருக்க வேண்டியதில்லை.

அப்போது பம்பாயில், மாதுங்காவில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. வி.டி. ஸ்டேஷன் பக்கம் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை. எந்தக் கப்பலின் கடிதம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொல்லுவாள். பெரிய அதிகாரிகள்கூட அலமாரியைத் திறக்க மாட்டார்கள், அத்தையைக் கூப்பிடுவார்கள். எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான். பேரனின் நட்சத்திரம் மறந்துபோனால் பஞ்சாங்கத்தைத் தேடாமல் நேரே எங்கள் கதவைத் தட்டுவார்கள். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே "விசாகம், மூணாம் பாதம்" என்பாள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

மறதி என்றால் என்ன என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. மேல் மாடியில் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருந்தார். மாடிப்படி அடியில் நின்றுகொண்டு, தன் வீடு எது என்று எங்களைக் கேட்பார். ஒருநாள் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் கல்யாண் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் கிடைத்தார். கூட்டிவரப் போன சொந்த மகனைப் பார்த்து, "ஆப் கோன்?", நீங்கள் யார் என்று இந்தியில் கேட்டாராம். அதன்பிறகு அவர்கள் வீட்டுக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். அவர் உள்ளே இருந்து அதைத் தட்டுவது எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்கும்.

இந்த நிலையில்தான் அத்தையின் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நான் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. ஸ்டேஷனில் ஏறி நின்றால் நம் எடையை அட்டையில் அச்சடித்துத் தரும் மெஷினைத்தான் பார்த்திருந்தேன். இதுவும் அந்த ஜாதிதான், ஆளைப் பார்த்து ஏதோ சொல்லும் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அத்தை ஆபீஸிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் சமையலறைக்குள் போனாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"மெமரி போறாதாம் மன்னி. காலம்பற போய் உக்காந்ததுமே சொல்லிடறது. அறுநூத்தி நாப்பதுதானாம். அதுக்கு மேல உள்ள இருந்தாலும் எட்டாதாம். கம்பெனி ஆள் வந்து திறந்து பாத்துட்டுச் சொல்லிட்டான்."

"ஐயய்யோ, என்ன பண்ணப் போறா?" என்றாள் அம்மா.

"தெரியலை. நான் வேணும்னே பண்றேன்னு நினைச்சுண்டு எல்லாரும் என்னையே பாக்கறா." அத்தை மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மெமரி போதாது. உள்ளே இருந்தாலும் எட்டாது. மேல் மாடி மாமாவுக்கும் அதுதானே? மகன் பெயர் உள்ளே எங்கேயோ இருந்திருக்கும், எட்டவில்லை. அத்தையைத் திறந்தே பார்த்துவிட்டார்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மறுநாள் காலை அவள் தலை வாரிக்கொள்ளும்போது பின்னால் நின்று வகிட்டோரமாகத் தையல் இருக்கிறதா என்று பார்த்தேன். "என்னடி, பேன் இருக்கா?" என்றாள். அவளுக்குத் தெரியாமல் தைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, "அத்தை, என் நட்சத்திரம் என்ன?" என்று கேட்டேன். அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ரோகிணி" என்றாள். என் நட்சத்திரம் உத்திரம். ரோகிணி அம்மாவுடையது. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா வெளியே தாழ்ப்பாள் வாங்கிப் போட்டுவிடுவார் என்று பயம். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வெண்டைக்காய். வெண்டைக்காய் சாப்பிட்டால் மூளை வளரும், கணக்கு வரும் என்று அம்மா என் தட்டில் குவிப்பாள். அதை அம்மா திரும்பும் நேரம் பார்த்து அத்தையின் தட்டுக்குத் தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் பிடிபட்டேன். கறி தின்ன வணங்காத கழுதை என்று முதுகில் ஒன்று வைத்தாள் அம்மா. தியாகிகளுக்கு இதெல்லாம் சகஜம் என்று தாங்கிக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நாலு கோடு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இது என் அத்தை, இவளுக்கு மெமரி போதாது, தொலைந்துபோனால் தயவுசெய்து இந்த விலாசத்தில் கொண்டுவந்து விடவும் என்று எழுதினேன். கல்யாணில் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று அடியில் இந்தியிலும் எழுதினேன். மடித்து, அத்தையின் ரயில் பாஸ் உறைக்குள் செருகிவைத்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் அத்தை வரவில்லை.

ஆறு இருபது வண்டியில் வருவாள். ஆறரைக்கு வீட்டில் காபி வாசனை வரும். ஏழு அடித்தும் வரவில்லை. அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். நான் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேஷனுக்கு ஓடி, நடைபாலத்தின் மேல் நின்றுகொண்டேன். வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் கூட்டம் படியேறி வந்தது. லேடீஸ் பெட்டியிலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இரண்டு பேர் அத்தை மாதிரி இருந்து, கிட்டே வந்ததும் வேறு யாரோ ஆனார்கள். கல்யாண் போகும் வேகவண்டி ஒன்று நிற்காமலே போயிற்று. அதற்குள்தான் அத்தை இருக்கிறாள், மாதுங்காவைப் பார்த்தும் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என்னைப் பார்த்து, "ஆப் கோன்?" என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது? பாலத்தின் கம்பியைப் பிடித்த கையை என்னால் எடுக்கவே முடியவில்லை.

"இங்க என்னடி பண்றே, தனியா?"

அத்தைதான். தமிழில்தான் கேட்டாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் பார்க்க ஓவென்று அழுதேன்.

அவள் பாஸ் உறையிலிருந்து என் தாளை எடுத்தாள். காலையில் வி.டி.யில் டிக்கெட் பரிசோதகரிடம் பாஸைக் காட்டும்போது அது கீழே விழுந்ததாம். அந்த மனிதர் எடுத்துப் படித்துவிட்டு, அத்தையின் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நிறுத்தி நிறுத்திப் பெயர் கேட்டிருக்கிறார். அத்தை கோபப்படக் கோபப்பட அவருக்குச் சந்தேகம் அதிகமாகியிருக்கிறது. விடுபட்டு ஆபீஸ் போக ஒன்றரை மணி நேரம் தாமதம். அதை ஈடுகட்டத்தான் சாயங்காலம் உட்கார வேண்டியிருந்தது.

"கோடு போட்ட தாளைப் பாத்ததுமே யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். திட்டவில்லை. "போறாதது எனக்கு இல்லைடி அசடே. அந்த மெஷினுக்கு. என் அலமாரியில இருக்கறதெல்லாம் அதுல ஏத்தச் சொல்லிருக்கா. அதோட மெமரிக் கணக்கு அறுநூத்தி நாப்பதுதான். ஏத்த ஏத்த, இடம் இல்லை, இடம் இல்லைங்கறது."

"அப்போ உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"என் நட்சத்திரம் என்ன?"

"உத்திரம், ரெண்டாம் பாதம். ஞாயித்துக்கிழமை, மழை கொட்டிண்டிருந்தது."

பத்து நாள் பாரம் அப்படியே இறங்கியது. கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது, அந்த மெஷின்மேல்கூட எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அதற்கு இனி என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"அடுத்த மாசம் உள்ள ஏதோ ஒரு அட்டை சொருகப் போறாளாம். அப்புறம் மேல இருக்கறதெல்லாம் எட்டுமாம். அலமாரி மொத்தமும் உள்ள போயிடும். ஒவ்வொண்ணுக்கும் என்னைக் கூப்பிட வேண்டாம்."

"நல்லதாப் போச்சு" என்றேன்.

வழியில் மரத்தடிப் பிள்ளையார் ஒருவர் உண்டு. அத்தையை இழுத்து நிறுத்தினேன். அந்த மெஷினுக்கு மெமரி சீக்கிரம் போதும்படி ஆகட்டும் என்று உரக்கவே வேண்டிக்கொண்டு, நீயும் வேண்டிக்கோ என்றேன். அத்தை கை கூப்பினாள். நான் தோப்புக்கரணம் போட்டு முடித்து, பிரதட்சிணமும் வந்துவிட்டேன். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. எனக்காகவும் சேர்த்துப் பலமாகக் கேட்கிறாள் என்று நினைத்து, சத்தம் போடாமல் பக்கத்தில் நின்றேன்.