"கல்லு ஏன் மின்னுது, மிஸ்?"

தொழிற்சாலைகள் சூழ்ந்த மூக்கண்டப்பள்ளியில் ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராக இருக்கிறேன். போன வருஷம் பள்ளி வாசலுக்குப் புதுப் படி போடுவதற்காகக் கிரானைட் துண்டுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை என் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கல்லு ஏன் மின்னுது, மிஸ்?"

நான் வாய் திறப்பதற்குள் அங்கே நின்றிருந்த பள்ளி நிர்வாகி முந்திக்கொண்டார். "சாமி அப்படிப் படைச்சிருக்காருன்னு சொல்லிட்டு ரைம்ஸ் எடுங்க மிஸ். இதுங்களுக்கு என்ன புரியப்போவுது?"

'இதுங்களுக்கு' என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நைட் ஷிப்ட் முடித்த கையோடு, கண் எரிய எரியப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்கள் எங்கள் பள்ளியில் நிறைய. அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குப் புரியாது என்று முடிவு கட்ட இவர் யார்?

"புரியும் சார்" என்று சொல்லிவிட்டு, வகுப்பையே வெளியே கூட்டிப்போனேன்.

ரப்பர் பந்தைச் சிமென்ட் தரையில் போட்டேன். நேராகக் கைக்கே எழும்பி வந்தது. படி வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் போட்டேன். எங்கோ தெறித்து ஓடியது. பிள்ளைகள் கூச்சலோடு துரத்தினார்கள்.

"வெயிலும் பந்து மாதிரிதான். வழுவழுன்னு இருக்கற எடத்துல பட்டா ஒரே பக்கமா திரும்பி வரும். அது நம்ம கண்ணுக்கு வந்தா பளிச்சுன்னு தெரியும். சொரசொரப்புல பட்டா செதறிடும். இந்தக் கல்லுல குட்டிக் குட்டியா கண்ணாடி மாதிரி தகடு இருக்குது. திருப்பித் திருப்பிப் பாருங்க."

எல்லையோரம் உள்ள பாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பையன், "மிஸ், இல்லி நோடி!" என்று, இங்கே பாருங்க எனக் கன்னடத்தில் கூப்பிட்டான். கல்லின் மேல் கையைக் குடைபோல் பிடித்துக் காட்டினான். மினுக்கம் நின்றுபோயிருந்தது. அதை நான் சொல்லித்தரவில்லை.

அப்போது கல்குவியல் மேல் நிழல் விழுந்தது. நிர்வாகி.

கல் கொண்டுவந்த சிறுமி நிமிரக்கூட இல்லை. "சார், வெயில மறைக்கறீங்க. தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணீங்கன்னா வேற ஸ்கூல் பாத்துக்கங்க."

"பசங்க கேட்டா நான் சொல்லத்தான் சார் செய்வேன். கேள்வி கேக்காத பசங்கதான் வேணும்னா, வேற பசங்கள நீங்க பாத்துக்கங்க."

அவர் ஃபேனைப் பார்த்தபடி, போங்க என்று கையசைத்தார். நடு வருஷத்தில் டீச்சர் கிடைப்பது லேசில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வாரமே ஒருவன் மீன் செதில் ஏன் மின்னுகிறது என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீன் எடுத்தால் செதிலைக் கழுவிக் கொண்டுவாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். திங்கட்கிழமை வராந்தா முழுக்க மீன் வாடை. நிர்வாகி மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வகுப்பைக் கடந்து போனார். நான் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன்.